ரோல் மாடல் என்றால் கும்பிடு போடுவதா?

"உங்க ரோல் மாடல் யார்?" இன்டர்வியூவில் கட்டாயம் வரும் கேள்வி. திண்டுக்கல் காலேஜ் மாணவர்களிடம் ரெடிமேட் பதில்கள் உண்டு. கலாம், தோனி, அம்பானி. கொஞ்சம் விவரமானவர்கள் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் என்பார்கள். ரொம்ப சந்தோஷம்! ஆனால் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "தியாகம் செய்த அம்மா", "காந்தியவாதி", "2020-ல் பத்மபூஷண் வாங்கினவங்க". அதோடு சரி. அந்த அம்மா அப்படி என்னதான் வேலை செய்தார் என்றால் பதில் இல்லை.

1926-ல் பட்டிவீரன்பட்டிப் பக்கம், நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் அம்மாவின் ஆதரவில் பட்டப்படிப்பு வரை படித்தார். 1950-ல் ஜெகந்நாதனைத் திருமணம் செய்துகொண்டார். இருவரும் வினோபாவின் பூமிதான இயக்கத்தில் உழைத்தார்கள்.

1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். நாடே கண்டனம் தெரிவித்தது. இந்தத் தம்பதியோ அந்தப் பக்கமே போய்த் தங்கி வேலை செய்தார்கள். நிலம் இல்லாதவரைக்கும் கூலிக்காரன் மிராசுதாரிடம் கை கட்டித்தான் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1981-ல் உழுபவனின் நில உரிமை இயக்கம், அதாவது லாஃப்டி, பிறந்தது. வழி என்ன? நிலத்தைப் பறிக்கவும் இல்லை, பிச்சை கேட்கவும் இல்லை. நிலக்காரரையும் கூலிக்காரரையும் எதிரெதிரே உட்கார வைத்து நியாயமான விலை பேசுவது, கடன் வாங்கி நிலத்தை வாங்குவது, பெண்கள் பெயரில் பதிவு செய்வது, விளைச்சலில் கடனை அடைப்பது. முதலில் பேங்குகள் கடன் தரத் தயங்கின. முத்திரைத்தாள் கட்டணம் வேறு கழுத்தைப் பிடித்தது. ஆனாலும் 2007-க்குள் சுமார் 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர். குடும்பத்துக்கு ஒரு ஏக்கர்!

இதைப் போய் வெறும் "தியாகம்" என்ற ஒற்றை வார்த்தையில் அடக்குவது எவ்வளவு பெரிய மோசடி! இது விலை, வட்டி, பத்திரம், தவணை எல்லாம் சேர்ந்த கணக்கு. தியாகி என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி, கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். சாமியை யாரும் காப்பி அடிக்க வேண்டியதில்லையே? பேச்சுப் போட்டி மேடைகளில் 'தலித்' என்ற சொல்லும் 'நிலம்' என்ற சொல்லும் நைசாகக் காணாமல் போவதும் இதனால்தான். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கிருஷ்ணம்மாள் அல்ல, காலண்டர் படம்.

"அதுக்காக எல்லாரும் நாகப்பட்டினம் போக முடியுமா?" என்று சிலர் கேட்கலாம். போகவே வேண்டாம். அவரும் குடும்பம் நடத்தி, இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டுதான் இத்தனையும் செய்தார். பி.காம் மாணவனுக்குக் கடனும் வட்டியும் பத்திரமும் பாடத்திலேயே இருக்கிறது. பரீட்சைக்கு மட்டும் அதைப் படித்தால் போதுமா? நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு வரும் மல்லிகையை விடியற்காலையில் பறிக்கிற பெண், சொந்தக் காட்டில் பறிக்கிறாரா, கூலிக்குப் பறிக்கிறாரா? அந்தக் காட்டின் பட்டா யார் பெயரில் இருக்கிறது?

இதைக் கேட்கத் தயார் என்றால் கிருஷ்ணம்மாளை ரோல் மாடல் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் அம்பானியே போதும்.