குத்தகைக்குள் அடங்காத கழிமுகம்

காவிரியின் கிளையாறான கொள்ளிடம் கடலை நெருங்கும்போது அதன் வடகரை கடலூர் மாவட்டம், தென்கரை மயிலாடுதுறை மாவட்டம். எங்கே எவ்வளவு மணல் எடுக்கலாம் என்பதற்கு அடிப்படையான ஆய்வறிக்கையை ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனியே தயாரிக்க வேண்டும். ஒரே ஆற்றின் நடுவே கோடு கிழித்து இரண்டு கணக்கு எழுதுகிறோம். குவாரிகளின் சுற்றுச்சூழல் ஆய்வு என்றாலே ஆய்வாளர் நேர்மையானவரா என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. அவர் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் கையில் கொடுத்திருக்கும் அளவுகோல் தவறானது என்பதே என் வாதம். அளக்க வேண்டியது கழிமுகம் முழுவதையும்; நாம் அளப்பது குத்தகை நிலத்தை.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, ஐந்து ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள சுரங்கங்களுக்கே முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. விளைவு, பல மாநிலங்களில் குத்தகைகள் ஐந்து ஹெக்டேருக்குச் சற்றுக் கீழே நறுக்கப்பட்டன. 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறு குத்தகைக்கும் அனுமதி வேண்டும் என்றது. ஆனாலும் தனித்து நிற்கும் சிறு குவாரிக்கு விரிவான தாக்க அறிக்கையோ பொதுமக்கள் கருத்துக்கேட்போ இன்றும் தேவையில்லை. அருகருகே உள்ளவற்றைத் தொகுப்பாகக் கருதும் விதி ஒன்று உண்டு. 500 மீட்டர் தள்ளிப்போனால் அதுவும் விட்டுவிடும்.

கழிமுகத்தில் 500 மீட்டர் ஒரு தூரமே அல்ல. உப்புநீர் நன்னீரைவிடக் கனமானது. ஓதம் ஏறும்போது படுகையை ஒட்டியபடி, நன்னீருக்கு அடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வரும். ஒரே இடத்தில் மேல்நீர் குடிக்கும்படி இருக்கும், அடிநீரை வாயில் வைக்க முடியாது. அந்த உப்புக்குக் குறுக்கே நிற்பவை மணல் மேடுகள்தான். மேட்டை வெட்டினால் தடை தாழ்கிறது. குழியில் இறங்கிய உப்புநீர் வற்றத்தின்போது முழுதாக வெளியேறாமல் கரையோர நிலத்தடிக்குக் கசிகிறது. ஆய்வுக்கு வந்தவர் மேற்பரப்பில் ஒரு பாட்டில் நீர் பிடித்து, ‘உப்பு வரம்புக்குள் இருக்கிறது’ என்று எழுதினால் அதில் பொய் இல்லை. ஆனால் அது எதற்கும் பயன்படாத உண்மை. எடுத்த மணல் திரும்ப வரும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். காவிரி கொண்டுவரும் மணலில் பெரும்பகுதி 1934 முதல் மேட்டூர் அணையில் நின்றுவிடுகிறது. கொள்ளிடமோ வெள்ளம் வடியும் ஆறு; வெள்ளம் வராத ஆண்டில் புது மணலும் வராது. மழைக்கு முன்னும் பின்னும் படுகையை அளக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2020 வழிகாட்டுதலே சொல்கிறது. ஒரு குழிக்குள் மட்டும் அளந்தால், பக்கத்திலிருந்து சரிந்து வந்த மணலும் ‘புதிய வரவு’ ஆகிவிடும்.

கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில்தான் மணல் எடுக்கத் தடை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, சில விலக்குகளோடு. ஆனால் ஆற்றுக்குள் அந்த மண்டலம் எதுவரை நீளும் என்பதைக் கடும் கோடையில் லிட்டருக்கு ஐந்து கிராம் உப்பு காணப்படும் இடத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு மேலே படுகை தாழ்ந்தால் உப்பு கோட்டைத் தாண்டும்; வரைபடத்தில் கோடு பழைய இடத்திலேயே இருக்கும். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: உப்பு ஏறுவதற்குக் காரணம் மேலிருந்து நீர் வராததும் ஆழ்துளைக் கிணறுகளும்தான், மணல் குவாரி அல்ல என்பது. பாதி உண்மை. நன்னீரின் அழுத்தம் குறைந்துவிட்ட ஆற்றில், உப்பைத் தடுக்க எஞ்சியிருப்பது படுகையின் உயரம் மட்டுமே; அதில் கை வைப்பதற்கு இந்த வாதம் எப்படி நியாயமாகும்? முகத்துவாரம் தூர்ந்தால் படகு போக முடியாது என்பது மறுக்க முடியாத தேவை. ஆனால் வழிக்காக வாரும் மணலை அரிக்கும் கரையில் கொட்டலாமே, லாரியில் ஏற்ற வேண்டியதில்லை. கட்டுமானத்துக்கு, பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் இருக்கிறது. மலையை உடைப்பதும் தீங்குதான் என்றாலும், உப்பேறிய வயலைவிட அதைக் கண்காணிப்பது எளிது.

தமிழ்நாட்டில் 2003 முதல் ஆற்று மணல் குவாரிகள் அரசின் கையில். முதலில் பொதுப்பணித் துறை, பிறகு அதிலிருந்து பிரிந்த நீர்வளத் துறை. ஆதனூர்–குமாரமங்கலம் இடையே கொள்ளிடத்தின் குறுக்கே கதவணை எழுப்பியதும் இதே நிர்வாகம். கடல்நீர் உள்ளே புகாமல் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. கதவணை கட்டப் படுகை மட்டம் அளக்காமல் முடியாது. அந்த அளவுகளை வெளியிட்டு, அவற்றை அடிப்படையாக வைத்து, குவாரி வருவாயில் பங்கில்லாத ஓர் அமைப்பு இரு மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே அறிக்கை எழுதட்டும். அது வரும்வரை, கொள்ளிடத்தின் படுகை கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் தூரம் முழுவதிலும் எந்தக் குவாரி விண்ணப்பத்தையும் பரிசீலிக்கக் கூடாது.