மல்ட்டிமீட்டர் சொல்லாத ஓம்

புதுச்சேரி வானொலியின் மத்திய அலை 1215 கிலோஹெர்ட்ஸ். ரெயின்போ பண்பலை 102.8 மெகாஹெர்ட்ஸ். ஒரு மீட்டர் நீளமும் 1 மி.மீ. விட்டமும் கொண்ட செம்புக் கம்பியின் மின்தடையை மல்ட்டிமீட்டரில் பார்த்தால் சுமார் 0.022 ஓம்தான். அதே கம்பியில் மத்திய அலை ஓடும்போது தடை நான்கு மடங்கைத் தாண்டுகிறது. பண்பலையில் கிட்டத்தட்ட நாற்பது மடங்கு!

அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் நடுவை விட்டு வெளிப்பரப்புக்கு ஒதுங்குவதுதான் காரணம். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் செம்புக்குள் 9 மி.மீ. வரை இறங்கும் மின்னோட்டம், பண்பலையில் மில்லிமீட்டரில் நூற்றைம்பதில் ஒரு பங்கு ஆழத்தோடு நின்றுவிடுகிறது.

கடலோர ஊருக்கு இது வெறும் பாடப்புத்தகச் சங்கதி அல்ல. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் மொட்டைமாடிகளில் உப்புக்காற்று பட்டுச் செம்பு பச்சை பூத்துச் சொரசொரத்தால், மின்னோட்டம் ஓட வேண்டிய இடமே கெட்டுப்போகிறது. உள்ளே உலோகம் நன்றாக இருப்பதால் மல்ட்டிமீட்டர் பழைய எண்ணையே காட்டும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். டிஷ் கேபிள்கள் பலவற்றில் நடுக்கம்பி செம்பு பூசிய எஃகு. மீட்டரில் தடை கூடுதலாகத் தெரியும். ஆனால் சிக்னல் செம்புப் பூச்சிலேயே ஓடிவிடுவதால் அதற்குப் பாதகமில்லை.

இந்த உயர் அதிர்வெண் தடையைச் சரியாக அளப்பது எளிதல்ல. பத்து சென்டிமீட்டர் ஒயர் ஒன்றே 100 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 60 ஓம் அளவுக்கு மின்னோட்டத்தை எதிர்க்கும். அளக்க வந்த பொருளே அதில் மறைந்துவிடும். அதனால்தான் உயர் அதிர்வெண்ணில் அளக்கும் கருவியான நெட்வொர்க் அனலைசரில் முதலில் திறந்த முனை, ஷார்ட், 50 ஓம் சுமை மூன்றையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒயர்களின் பங்கைக் கழிக்கிறார்கள். கனெக்டரை ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில் முறுக்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் எண் மாறிவிடும்.

இந்தப் பொறுமை மாணவர்களுக்குக் கைப்பழக்கமாக வர வேண்டும். எந்த அதிர்வெண்ணில் அளந்தது என்று குறிக்காமல் எழுதிய ஓம் கணக்கை ஆய்வக ஏட்டில் ஆசிரியர்கள் ஏற்கவே கூடாது. தரமான நெட்வொர்க் அனலைசரோ விலை உயர்ந்தது. சிறுதொழில் செய்பவர் தனியாக வாங்க முடியாது. மின்காந்தச் சோதனைகளுக்குச் சென்னை தரமணியில் மத்திய அரசின் சமீர் மையம் இருக்கிறது. ஆனால் சின்னச் சந்தேகத்துக்கெல்லாம் 150 கிலோமீட்டர் போய்வர முடியுமா?

தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு பட்டறைக்காரர்கள் நியாயமான கட்டணத்தில் அளந்துபோகும் பொது ஆய்வகம் ஒன்றைப் பிள்ளைச்சாவடியிலுள்ள புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அரசு திறக்க வேண்டும். அடுத்த பட்ஜெட்டிலேயே அதற்குப் பணம் ஒதுக்கட்டும்.