மாத்திரை விழுங்கவும் முறை இருக்கு!

1/ பேராவூரணி பக்கம் நடவுக்குப் போற அக்கா ஒருத்தர். காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தேன். மூணாம் நாள், "நெஞ்சு எரியுது டாக்டர், மாத்திரை ஒத்துக்கல, நிறுத்திட்டேன்"னு வந்தாங்க.

2/ ராத்திரி ஒரு மடக்கு தண்ணியில விழுங்கிட்டு உடனே படுத்திருக்காங்க. மாத்திரை உணவுக்குழாயில ஒட்டிப் புண்ணாக்கிடும்.

3/ எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் ரெண்டுக்கும் கைகொடுக்கும் மருந்து இது. ஆனா:
▪️ சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் நிறைய தண்ணியோட
▪️ அரை மணி நேரம் படுக்கக் கூடாது
▪️ பால், இரும்புச்சத்து மாத்திரை கூடவே வேண்டாம்
▪️ வெயில்ல தோல் கன்றும். முழுக்கை சட்டை, தலைக்குத் துண்டு
▪️ கர்ப்பிணிகள் முன்னாடியே சொல்லிடுங்க

4/ அட்டையில உள்ள சிவப்புக் கோடு, சீட்டு இல்லாம வாங்காதேன்னு எச்சரிக்கும். எப்படி விழுங்கணும்னு சொல்ல வேண்டியது நாங்கதான். அன்னைக்கு நான் சொல்லல. ஓபி கூட்டம்கிறது சாக்குதான்.

5/ நாங்க மறந்தாலும் நீங்க கேளுங்க. ஒத்துக்கலன்னா நீங்களா நிறுத்தாம, திரும்ப வாங்க.