சிரம் தாழ்த்திப் பார்க்கும் காமிரா

1929-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்துப் பிரவுன்ஷ்வைக் நகரில், பிராங்கே, ஹைடெக்கே என்னும் இருவர் நிறுவிய தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ரோலைபிளக்ஸ் காமிராவை இடுப்பளவில் ஏந்தி, சிரம் தாழ்த்தி, மேற்புறக் கண்ணாடியில் இடம் வலமாக மாறித் தோன்றும் பிம்பத்தை நோக்கியே படம் பிடிக்க வேண்டுமாதலால், எதிரே நிற்பவரை முறைத்துப் பார்க்கும் அவசியம் நேர்வதில்லை. அந்த விநயத்துக்காகவே அது என் பிரியத்துக்குரியதாயிற்று. பிற்காலத்து மாதிரிகளில் 120 பிலிம் சுருளொன்றுக்கு 12 சதுரப் படங்களே விழுமென்பதால், விசையை அழுத்துமுன் மனம் ஒரு கணம் தயங்குகிறது. அந்தத் தயக்கமே இக்கலையின் ஜீவன் என்பேன். இத்தகைய கருவிகளைச் சேகரிப்போர் அலமாரியில் பூட்டி வைப்பது மட்டும் எனக்குச் சம்மதமன்று. உபயோகமற்றுக் கிடந்தால் ஷட்டரின் எண்ணெய் இறுகி, நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் லென்ஸ் முழுதும் பூஞ்சை படர்ந்துவிடுகிறது.