முதலாந் தர அனுமதியும் சீதன வீடும்

வீட்டுக்கு அண்மையிலுள்ள பாடசாலையிலேயே பிள்ளை பயில வேண்டும் என்னும் கொள்கையை நான் எதிர்ப்பவனல்லன். 1945ஆம் ஆண்டில் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது பாடசாலைக் கதவு ஏழைக்கும் திறந்தது. ஆயினும், நல்ல பாடசாலை எதுவென்று ஊர் அறிந்துகொண்ட மாத்திரத்தில் செல்வரும் செல்வாக்குடையோரும் அக்கதவண்டை முந்திக்கொண்டனர். முதலாந் தரத்தில் சரிபாதி இடங்களை அயலில் வசிப்போருக்கென்று கல்வியமைச்சின் சுற்றுநிருபம் ஒதுக்கி வைத்திருப்பது இத்தகையோரைத் தடுப்பதற்கே. நோக்கத்தில் நான் குறை காணவில்லை. அயலில் வசிப்போர் யார் என்பதைத் தீர்மானிக்கும் கடதாசிகளைப் பற்றியே எனக்கு வழக்குண்டு.

வாக்காளர் இடாப்பில் தாய் தந்தையர் இருவர் பெயரும் எத்தனை ஆண்டுகளாகப் பதிந்துள்ளன என்று பார்க்கிறார்கள். வீட்டுறுதி அவ்விருவரில் ஒருவர் பெயரில் இருந்தால் முழுப் புள்ளி. பாட்டன் பாட்டி பெயரில் இருந்தால் புள்ளி குறையும். உறுதி புதியதாயின் இன்னும் குறையும்.

தன் பெயருக்கு வீடெழுதி, மனைவியை அங்கே அழைத்துச் சென்று வாழும் ஒருவனுக்கு இக்கணக்கு நன்கு பொருந்தும். கல்முனைக் கரையிலோ வழக்கம் வேறு. மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை, முஸ்லிம் குடும்பங்களிலே மணமகன்தான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறான். பெண்ணுக்கு வீடு கொடுப்பது பெற்றாரின் கடன். முன்னாளில் மூத்தவளுக்கு ஒரு வீடும் இளையவளுக்கு இன்னொரு வீடும் கட்டக் காணி இருந்தது. இன்று கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவிலே ஒடுங்கிய நிலம். ஒரே வளவைக் கூறுபோட்டு, கூறுபோட முடியாதவிடத்து மேல்மாடி கட்டி, அதனை இளையவளுக்குக் கொடுக்கிறார்கள். மேல்மாடிக்குத் தனியுறுதி ஏது? முழு வளவுக்கும் உறுதி உம்மாவின் பெயரிலேயே கிடக்கிறது. நிந்தவூரிலிருந்து சாய்ந்தமருதுக்கு வந்த மருமகனோ, வாக்கை இன்னும் பிறந்த ஊரிலேயே வைத்திருக்கிறான்.

இத்தகைய பெண்ணொருத்திக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நான் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். பாடசாலையின் பெயர் வேண்டாம். அவள் வீட்டு முற்றத்தில் நின்றால் அதன் மணியோசை கேட்கும். நேர்முகப் பரீட்சை முடிந்து வந்தவள் என்னிடம் கேட்டாள்: "நான் பொறந்ததும் இந்த வளவுலதான், என்ட புள்ள பொறந்ததும் இந்த வளவுலதான். அப்ப நாங்க எந்த ஊர் ஆக்களாம், சேர்?" பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை.

அவளுடைய கோவை இவ்வாறிருக்க, அவ்வூரில் ஒருநாளும் உறங்கியறியாதவர்களின் கோவைகள் குறையின்றி இருப்பதையும் கண்டிருக்கிறேன். குத்தகை உடன்படிக்கை, மின்பட்டியல், வாக்காளர் பதிவு எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். பணமிருந்தால் கடதாசி கிடைக்கும். பணக்காரரைத் தடுக்க எழுப்பிய வேலி ஏழையின் காலில் குத்துவது இவ்வாறுதான்.

தூரக் கணக்கிலும் இங்கே ஒரு சிக்கலுண்டு. விண்ணப்பிக்கும் பாடசாலையைவிட வீட்டுக்கு அண்மையில், பிள்ளை சேரத்தக்க வேறு அரசினர் பாடசாலைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழிக்கப்படும். பரந்த கிராமங்களில் இது நியாயமே. நம் கரையிலோ குடிமனைகளைப் போலவே பாடசாலைகளும் நெருங்கி நிற்கின்றன. இரண்டு தெரு தள்ளி இருப்பவனுக்கே பல புள்ளிகள் பறிபோய்விடும். மதிலோரத்து வீடுகளுக்குக் காணிவிலை ஏறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26ஆந் திகதிக்குப் பின்னர் சிக்கல் இரட்டித்தது. கடல் மனிதரை மட்டுமன்றி உறுதிகளையும் கொண்டுபோயிற்று. கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அப்போது விதித்தார்கள். கரையோரத்துக் குடும்பங்கள் பல உறவினர் வளவுகளிலும் புதிய குடியிருப்புகளிலும் சிதறின. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய நிதியில் 500 வீடுகள் எழுந்தன. பாடசாலையும் உடன் எழுந்தது. யாருக்குப் பகிர்வது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. பத்தாண்டுக்கு மேலாக அவ்வீடுகள் ஆளின்றிப் பாழடைந்தன. ஒருபுறம் பாடசாலைக்கு அருகில் வாழ்ந்தும் இடங்கிடைக்காத பிள்ளைகள். மறுபுறம் பிள்ளைகளின்றி நின்ற பாடசாலை!

பொய்க் கடதாசியைப் பிடிக்க வேறு சான்று உண்டா என்று அதிகாரிகள் கேட்கலாம். உண்டு. ஒரு பெண் கருவுற்ற நாள்முதல் அவள் வீட்டுப் படியேறி வருபவள் அப்பகுதி மருத்துவமாது. தாய் எங்கே இருந்தாள், பிள்ளை எங்கே வளர்ந்தது என்பதை அவள் கண்ணால் கண்டவள். பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் தடுப்பூசித் திகதிகள் வரிசையாக உள்ளன. உறுதி பாட்டியின் பெயரில் இருக்கும் வீடுகளுக்கு, இப்புத்தகத்தையும் கிராம உத்தியோகத்தரின் நேர்ப் பார்வையையும் சேர்த்து முழுப் புள்ளி வழங்கக் கல்வியமைச்சு முன்வர வேண்டும். தந்தையின் வாக்கு எந்த ஊரில் கிடந்தாலும் தாயின் பதிவு ஒன்றே போதும் என்று ஒரு வரியை அடுத்த சுற்றுநிருபத்திற் சேர்க்க அதிகச் செலவு பிடிக்காது.