ஃபைனல்னு போட்டா போதுமா?

மண்ணாடிப்பட்டு, மண்ணாடிப்பேட்டை: பேர் ரெண்டு, ஊர் ஒண்ணு. பைத்தான்ல 'புதுசு = பழசு'ன்னு எழுதினாலும் அதே கதைதான் மக்களே. லிஸ்ட் ஒண்ணுதான்; புதுசுல கை வெச்சா பழசும் மாறும்.

"டைப் எழுதுறது வெட்டி வேலை, ஓடும்போது பைத்தான் அதைப் பார்க்கவே பார்க்காது"ன்னு கிளாஸ்ல பாதிப் பேர் சொல்றீங்க. பார்க்காதுதான். மைபை பார்க்குமே! ஃபங்ஷன் வாங்குற மார்க் பட்டியலுக்கு லிஸ்ட்னு போடாம சீக்வென்ஸ்னு போடுங்க. உள்ளே எவனாவது அப்பெண்ட் பண்ணினா, ஓட்டுறதுக்கு முன்னாடியே கத்தும்.

2019-ல பைத்தான் 3.8-ல வந்த ஃபைனலை இதுக்கு நம்பாதீங்க. அது பேரைத்தான் பூட்டும், லிஸ்டை இல்லை. சீக்வென்ஸும் அரைக் காவல்தான். வெளியே பழைய பேரை வெச்சிருக்கிறவன் மாத்தலாம். அதையும் சேர்த்துத் தடுக்கணும்னா 2015-ல 1.0 வந்த ரஸ்ட் பக்கம் போகணும். நம்ம சிலபஸ்ல அது இல்லை :-) மைபைக்கு எதுக்கு சிலபஸ்? ஒரே ஒரு இன்ஸ்டால்.