இதுவும் வெள்ளாமைதான்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (நுண்ணுயிரியல்)

கிருமி என்ற சொல்லைக் கேட்டதும் நாம் கையைக் கழுவ ஓடுகிறோம். நோய் தருவது, அழிக்க வேண்டியது என்றே அதனைப் பள்ளிப் பருவம் முதல் அறிந்து வந்திருக்கிறோம். ஆனால் அக்கிருமியையே விதையாக இட்டு, உரமூட்டி, அறுவடை செய்து, நோய் தடுக்கும் மருந்தை எடுக்கும் காலம் இது. இந்த வேளாண்மையை நாம் ஏட்டளவில் படித்துவிட்டுப் போனால் போதுமா என்பதே என் கேள்வி.

இக்கேள்வி என் வீட்டில் பிறந்தது. என் பெரியம்மா நாற்பத்தெட்டாம் வயதில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தார். தமக்கு வந்த தொல்லையை இரண்டு ஆண்டுகள் ஒருவரிடமும் சொல்லவில்லை, சொல்ல வெட்கம். மருத்துவமனைக்குப் போனபோது காலம் கடந்திருந்தது. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. அந்நோய்க்கு ஒரு வைரசு காரணம், அதைத் தடுக்க ஊசி உண்டு என்பதை எங்கள் குடும்பத்தில் முதலில் அறிந்தவள் நான்தான். அதுவும் இக்கல்லூரியில் சேர்ந்த பிறகே! 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 80,000 பெண்கள் இந்நோயால் மாண்டனர் என்பது உலகக் கணக்கு. அவர்களுள் எத்தனை பெரியம்மாக்களோ!

பாப்பிலோமா வைரசே இதற்குக் காரணம் என்று நிறுவியதற்காக செருமானிய அறிஞர் ஹெரால்டு சூர் ஹௌசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வைரசின் 16, 18 ஆகிய இரு வகைகளே நூற்றுக்கு எழுபது நோயாளிகளின் துன்பத்துக்குக் காரணம். வைரசின் மேலுறைப் புரதத்துக்குரிய மரபணுவை மட்டும் வேறோர் உயிரியினுள் வைத்தால், அது அப்புரதத்தைச் செய்து தருகிறது. பிரித்தெடுத்த புரதங்கள் தக்க சூழலில் தாமே கூடி, வைரசு போன்ற வெற்றுக் கூடுகளாகின்றன. வீடு உண்டு, உள்ளே திருடன் இல்லை. அதைக் கண்டு நம் உடல் காவலுக்கு ஆள் வைத்துவிடுகிறது.

2006-இல் வந்த முதல் தடுப்பூசி ஈஸ்ட்டில் விளைந்தது. சீனாவின் சியாமென் பல்கலைக்கழக அறிஞர்களோ, நாம் ஆய்வகத்தில் அன்றாடம் காணும் ஈ. கோலி பாக்டீரியாவிலேயே இதனை விளைவித்தார்கள். 2019 இறுதியில் அந்நாட்டில் அனுமதி பெற்ற அத்தடுப்பூசியை 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றது.

சென்ற பொங்கல் விடுமுறையில் இதை என் தந்தையாரிடம் விளக்கினேன். அவர் குத்தகை நிலத்தில் நெல் பயிரிடுபவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். "உறைய வைத்த ஒரு மில்லிலிட்டர் விதையை முதலில் குடுவையில் வளர்ப்பார்கள், பிறகு சிறு கலனில், அதன் பிறகே பெரிய கலனில்" என்றேன். "நாத்து விட்டு நடுற மாதிரி" என்றார். சர்க்கரையை ஒரே முறையாகக் கொட்டினால் பாக்டீரியா அசெடிக் அமிலத்தைச் சுரந்து தன் வளர்ச்சியைத் தானே கெடுத்துக்கொள்ளும், அதனால் சிறுகச் சிறுகத்தான் ஊட்ட வேண்டும் என்றேன். "யூரியாவும் அப்படித்தான்" என்றார். செல்கள் போதுமான அளவு பெருகிய பின்னரே, தூண்டும் பொருளைச் சேர்த்துப் புரதம் செய்ய வைப்பார்கள் என்றதும் சிரித்துவிட்டார். "ஏம்மா, அப்ப இதுவும் வெள்ளாமைதானே?"

ஆம், வெள்ளாமைதான். ஆனால் வயலில் இல்லாத இரு தொல்லைகள் இங்கு உண்டு. ஈ. கோலி நல்ல சூழலில் 20 நிமிடங்களுக்கு ஒரு முறை இரட்டிக்கும். தடையின்றி வளர்ந்தால் ஒரு செல் பத்து மணி நேரத்தில் 107 கோடியாகும். இத்தனை வாய்களுக்கும் மூச்சு வேண்டாமா? 37 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் கரையும் ஆக்சிஜன் ஏறக்குறைய 7 மில்லிகிராம்தான். அடர்ந்த வளர்ப்பில் அது சில நொடிகளில் தீர்ந்துவிடும். ஆகவே அடியிலிருந்து காற்றைச் செலுத்திக்கொண்டே, குமிழ்களைச் சுழலும் தகடுகளால் உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது வெப்பம். பெருகும் செல்கள் வெப்பத்தை வெளிவிடுகின்றன. கலனின் சுவரைச் சுற்றிக் குளிர்நீர் ஓட வேண்டும். கலனின் விட்டத்தையும் உயரத்தையும் இரு மடங்காக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகும். சுவரின் பரப்போ நான்கு மடங்குதான். எட்டு மடங்கு வெப்பம் நான்கு மடங்கு சுவர் வழியே வெளியேற வேண்டும்! குடுவையில் வென்றவர் கலனில் தோற்பது இதனால்தான். ஊசியின் விலையில் ஒரு பங்கு இங்கேயும் தீர்மானமாகிறது. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் ஹெப்படைட்டிஸ்-பி தடுப்பூசியை ஈஸ்ட்டில் விளைவித்த பின்னரே, வெளிநாட்டிலிருந்து வந்து எட்டாக்கனியாய் இருந்த அவ்வூசி எளியவருக்கும் கிடைத்தது. அங்கே மரபணு புதிதன்று; நம்மவரே கலனை ஆளக் கற்றதுதான் புதிது.

"கிருமியில் செய்ததை உடம்பில் ஏற்றலாமா?" என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். அது மூடக்கேள்வி என்று நான் தள்ள மாட்டேன். ஈ. கோலியின் வெளிச்சுவரில் காய்ச்சலை உண்டாக்கும் நஞ்சு உண்மையாகவே இருக்கிறது. அறுவடைக்குப் பின் செல்லை உடைத்து, புரதத்தைப் பிரித்து, அந்நஞ்சை நீக்கிச் சோதித்த பின்னரே மருந்து வெளிவருகிறது. இதை அவர்கள் மொழியில் சொல்ல, செய்முறை அறிந்த ஒருவர் ஊருக்கு ஒருவராவது வேண்டும்.

நாமோ என்ன செய்கிறோம்? கலனின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தால் ஐந்து மதிப்பெண். சுவரின் பரப்பு ஏன் நான்கு மடங்குதான் என்று எவரும் நம்மைக் கேட்பதில்லை; நாமும் கேட்பதில்லை. "கலன் பல இலட்சம், அரசுக் கல்லூரிக்கு ஏது?" என்பர் சிலர். "வங்கித் தேர்வுக்குப் படி" என்பர் வேறு சிலர். வேலை வேண்டும் என்பதை என்னைவிட அறிந்தவர் யார்? எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆனால் கலனை இயக்குவதும் வேலைதானே? அதைத் தொட்டே பாராத நம்மை அங்கே யார் சேர்ப்பார்கள்?

இலட்சங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கண்ணாடிச் சாடி, மீன் தொட்டிக்குக் காற்றூதும் சிறு பம்பு, வெப்பமானி, அமிலத்தாள், கடையில் கிடைக்கும் தீங்கற்ற ஈஸ்ட், இவை போதும். அரை மணிக்கு ஒரு முறை கலங்கலை அளந்து வரைபடம் இடுவோம். காற்றை நிறுத்திப் பார்ப்போம். சர்க்கரையைக் கூட்டிப் பார்ப்போம். வெப்பக் கணக்குக்கு இயற்பியல் துறையும், அமிலத்துக்கு வேதியியலும், வளர்ச்சிக் கோட்டுக்குக் கணிதமும் கைகொடுக்கட்டும். பேராசிரியப் பெருமக்கள் வாரத்தில் ஒரு மாலையை எங்களுக்குத் தந்தால் போதும்.

என் தங்கை இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். பெரியம்மா இறந்தபோது நான் இருந்த வகுப்பு. அவளுக்கு வேண்டிய ஊசி உலகில் இருக்கிறது. அவளைப் போன்ற ஒவ்வொரு சிறுமிக்கும் அது எட்டும் விலையில் விளைய வேண்டும். விளைவிக்கும் கைகளுள் நம் கைகளும் இருக்க வேண்டும். உழுதவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வெள்ளாமை புதிதா என்ன?